சித்தப்பா தங்கிய சத்திரம்

அந்த முக்காலி வேண்டாம் ஐயா, அதற்கு ஒரு கால் ஆடும். இப்படி அடுப்புப் பக்கம் வந்து உட்காருங்கள். குதிரையை எங்கள் வீட்டுக்காரர் ஹாட்ஜ் கட்டிவிடுவார். குதிரை, மாடு என்றால் அவர் கெட்டிக்காரர். மனிதர்களிடம்தான் கொஞ்சம் தடுமாற்றம். இந்தாருங்கள் பீர். நானே காய்ச்சியது. லண்டனுக்குப் போகிறவர்களும் லண்டனிலிருந்து திரும்புகிறவர்களும் தோர்ன்வெல் சத்திரத்தில் ஒரு குவளை குடிக்காமல் தாண்ட மாட்டார்கள். நீங்கள் குடித்தால் லஞ்சம் ஆகிவிடாது, பயப்படாதீர்கள். தாகத்துக்குத் தருவதுதான்.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சண்டை முடிந்து ராஜா மாறினார். ராஜா மாறியதும் பண்ணைக்கு எஜமான் மாறினார். எஜமான் மாறியதும் பழைய காரியஸ்தர் போய் நீங்கள் வந்திருக்கிறீர்கள். நாளைக்குக் கோயில் வாசலில் ஊர் மன்று கூடுகிறது. இந்தச் சத்திரம் ஹாட்ஜின் அண்ணன் வால்டருடையது. வால்டர் செத்துப்போனார். அவருடைய சின்ன மகன் ஜைல்ஸுக்குத்தான் சத்திரம் என்று ஆகிவிட்டது. எப்படி ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன், அது வயிற்றெரிச்சல். பையனுக்கு இன்னும் பல்லே முழுதாக முளைத்து முடியவில்லை. அவன் ஆளாகும்வரை சத்திரத்தை நடத்தப்போவது யார்? அவன் அம்மா மார்ஜரியா, சித்தி நானா? அதைத்தானே விசாரிக்க வந்திருக்கிறீர்கள்? நன்றாக விசாரியுங்கள். மறைப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

வரும் வழியில் ஊரில் கேட்டிருப்பீர்கள். ‘பெண் சித்தப்பா’ என்று சொல்லியிருப்பார்களே? சிரிக்காதீர்கள் ஐயா. எனக்குத் தெரியாமல் சொல்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். செத்துப்போன ராஜாவை இந்த ஊரில் யாரும் ராஜா என்று சொல்வதில்லை. சித்தப்பா என்றுதான் சொல்வோம். அண்ணன் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறேன் என்று வந்து அண்ணன் பிள்ளைகளின் கிரீடத்தையே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டவர் அல்லவா. என்னையும் அவரோடு ஒரே தராசில் வைத்துப் பேசுகிறார்கள். அதனால் அவர் கதையை நான் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்டுவிட்டு, அவர் எங்கே நான் எங்கே என்று நீங்களே சொல்லுங்கள்.

சிசிலி, அந்தக் கரித்துண்டைக் கீழே போடு. வாயைத் திற. திற பார்க்கலாம். பல் வருகிறது ஐயா, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள்.

எங்கே விட்டேன்? ஆரம்பிக்கவே இல்லை, இல்லையா.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய வசந்தம். எங்கள் வீட்டில் வால்டர் அத்தான் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அதே சமயத்தில் லண்டனில் சித்தப்பாவின் அண்ணன், பெரிய ராஜாவும் போய்ச் சேர்ந்தார். நாங்கள் ஒரு வீட்டில் அழுதோம், அவர்கள் ஒரு நாட்டில் அழுதார்கள். ராஜாவுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள், வால்டருக்கும் இரண்டு. இதைத்தான் ஊரில் பிடித்துக்கொண்டார்கள். யாருக்கு எத்தனை பிள்ளை என்பது நான் போட்ட கணக்கா?

பெரிய ராஜாவின் மூத்த பையனை, பன்னிரண்டு வயதுக் குழந்தை, பட்டம் கட்டுவதற்காக அவனுடைய தாய்மாமன் லண்டனுக்கு அழைத்துக்கொண்டு போகிறார். வடக்கே இருந்து சித்தப்பா வருகிறார். இரண்டு கூட்டமும் சந்திக்க வேண்டிய இடம் தோர்ன்வெல். பையனை அடுத்த ஊரில் தங்க வைத்துவிட்டுத் தாய்மாமன் மட்டும் இங்கே வந்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அதற்குப் பக்கத்து மேஜை. தாய்மாமன் அந்தப் பக்கம், சித்தப்பா இந்தப் பக்கம். நான்தான் பரிமாறினேன். மார்ஜரி அக்கா மாடியில் படுத்து அழுதுகொண்டிருந்தாள், பாவம்.

சித்தப்பா எப்படி இருந்தார் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கொம்பு முளைத்திருக்கும் என்று நினைக்கிறார்களோ என்னவோ. மெலிந்த ஆள். அடக்கமாகப் பேசினார். நான் வைத்த கறி ரொட்டியை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “இதுல உலர்ந்த பழம் ஏதோ போட்டிருக்கியே, என்னம்மா அது?” என்றார். “பிளம்ஸ்ங்க” என்றேன். “எங்க வீட்டுச் சமையல்காரனுக்கு இது தோணலையே” என்றார். இங்கிலாந்து தேசத்திலேயே பெரிய மனிதர் என் ரொட்டியைப் பற்றி அப்படிச் சொன்னார். அதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். தாய்மாமனும் சித்தப்பாவும் தோளில் தட்டிக்கொண்டார்கள், சிரித்தார்கள். செத்துப்போன ராஜாவை நினைத்து இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பார்க்கவே மனதுக்கு நிறைவாக இருந்தது. ஹாட்ஜ்கூட, “குடும்பம்னா இப்படி இருக்கணும்” என்றார்.

விடிந்தது. தாய்மாமன் முகம் கழுவ வெந்நீர் எடுத்துக்கொண்டு போகிறேன், அவர் அறை வாசலில் ஈட்டியோடு நாலு ஆள். உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிறார். “என்ன விளையாட்டு இது?” என்கிறார். வெளியே சித்தப்பா கையுறை போட்டுக்கொண்டே சொல்கிறார், “விளையாட்டில்லை மச்சான். உங்க பாதுகாப்புக்குத்தான்.” அவ்வளவு மென்மையாகச் சொன்னார் ஐயா. குதிரைக்குக்கூட அதைவிடச் சத்தமாகப் பேசுவோம். தாய்மாமனை வடக்கே கொண்டுபோனார்கள். கோடையில் தலையை வெட்டினார்கள். வெந்நீர் என் கையிலேயே ஆறிப்போனது. நம் வீட்டில் நம் கையால் சாப்பிட்ட விருந்தாளி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

ஆனால் ஒன்று புரிந்தது. ஒரு வீட்டில் சாவி யார் கையில் இருக்கிறது என்பது பெரிய விஷயம். அன்றைக்கே மார்ஜரி அக்காவின் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். புருஷனைப் பறிகொடுத்தவள், நிலவறைப் படியில் ஏறி இறங்கினால் மயக்கம் போட்டு விழுவாள். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் வாங்கினேன். அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள் என்பது உண்மை. விழித்ததும் மறுபடியும் சொன்னேன். “அக்கா, உனக்கு எதுக்கு இந்தக் கனம், நான் சுமக்கறேன்” என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. பேசாதவள் சம்மதிக்கவில்லை என்று நான் எப்படி எடுத்துக்கொள்வது?

ஊரில் இதைத்தான் முதலில் சொல்வார்கள். நானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன் பாருங்கள்.

அப்புறம் லண்டன். பையனுக்குப் பட்டம் கட்டச் சட்டையெல்லாம் தைத்தாகிவிட்டது. அந்தப் பட்டுத்துணி விற்ற வியாபாரி இங்கேதான் தங்கினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் பாதிரியார் எழுந்து, பெரிய ராஜா கட்டிய கல்யாணமே செல்லாது, அதனால் பிள்ளைகளுக்கு உரிமை இல்லை என்கிறார். சித்தப்பா சொல்லிக்கொடுத்துத்தான் சொன்னார் என்பது நாய்க்குட்டிக்கும் தெரியும். செத்துப்போன அண்ணன் எழுந்து வந்து பதில் சொல்லவா முடியும்? கோடை முடிவதற்குள் சித்தப்பா தலையில் கிரீடம். இப்படிக்கூட ஒரு மனிதன் சொந்த ரத்தத்தைப் பற்றிப் பேசுவானா?

நான் வால்டர், மார்ஜரி கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியது கிடையாது. மூத்தவன் ஆடமுக்கு வால்டருடைய மூக்கு இல்லை என்று பால்காரியிடம் ஒரே ஒரு தடவை சொன்னேன். அவள் மூக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள், நானும் மூக்கைப் பற்றிப் பேசினேன். அதைக் கொண்டுபோய் அவள் ஊரெல்லாம் வேறு மாதிரி சொன்னால் நான் என்ன செய்வது.

இன்னொரு குவளை ஊற்றட்டுமா? சரி, பாதி.

அந்த இரண்டு பிள்ளைகளையும் கோட்டையில் வைத்தார்கள். பாதுகாப்பாம். முதலில் தோட்டத்தில் அம்பு விட்டு விளையாடினார்களாம். லண்டனிலிருந்து வருகிறவர்களையெல்லாம் நான் கேட்பேன். பிறகு ஜன்னலில் பார்த்தோம் என்றார்கள். பிறகு உள் ஜன்னலில் என்றார்கள். இலையுதிர் காலம் வந்த பிறகு கேட்டால், எல்லோரும் குவளையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதைப் பற்றி நான் பேச மாட்டேன் ஐயா. இவளை மடியில் வைத்துக்கொண்டு என்னால் அதைப் பேச முடியாது.

எங்கள் பையன்களை நான் கோட்டைக்கா அனுப்பினேன்? மடத்துக்கு அனுப்பினேன். சாமியார்களிடம் எழுத்துப் படிக்கட்டும், சத்திரத்தில் குடிகாரர்கள் பேசுவதைக் கேட்டுக் கெட்டுப்போக வேண்டாம் என்று. ஒரு நாள் நடை. மார்ஜரி அக்கா பார்க்கப் போனாள். கொண்டுவந்து விட்டவர் வந்தால்தான் காட்டுவோம் என்று சாமியார்கள் சொல்லிவிட்டார்கள். விட்டது ஹாட்ஜ். அவருக்கு அந்த வருஷம் வேலை அதிகம். மாடு கன்று போட்டது, கூரை ஒழுகியது, ஒன்று மாற்றி ஒன்று. ஆனால் பிள்ளைகள் நலமாக இருந்தார்கள், நன்றாகச் சாப்பிட்டார்கள். மடத்தில் ஜன்னல்கூடப் பெரிதுதான்.

பலகைக்கு வருகிறேன். வாசலில் தொங்குகிறதே, அதில் முன்பு மூன்று வாத்து இருந்தது. வால்டர் அத்தான் காலத்து வாத்து. சித்தப்பாவுக்குப் பட்டம் கட்டியதும், ராஜா தங்கிய சத்திரத்தில் வாத்து என்ன வாத்து என்று எனக்குத் தோன்றியது. ராஜாவின் சின்னம் ஓநாய். பெரிய மனிதர்கள் சின்னத்தைச் சத்திரக்காரர்கள் வாசலில் மாட்டிக்கொள்வது இந்தச் சாலையில் எல்லோரும் செய்வதுதான். எங்களிடம் பீர் ஊற்றும் சைமனுக்குச் சித்திரமும் வரும். மார்ஜரி அக்காவிடம் சாவி வாங்கிய அன்று, படிக்கட்டில் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றவனும் அவன்தான். அவனை வரையச் சொன்னேன். ஆனால் சைமன் பிறந்ததிலிருந்து ஓநாயைப் பார்த்ததில்லை. இந்தப் பக்கத்துக் காடுகளில் ஓநாய் ஒழிந்து எத்தனை தலைமுறை ஆயிற்று. கொல்லன் வீட்டு நாயைப் பார்த்து வரைந்துவிட்டான். கண்ணில் அப்படி ஒரு சாது. எலும்பு போடுவார்களா என்று பார்ப்பது மாதிரி. “இதாடா ஓநாய்?” என்றேன். “கோபம் வந்தா இதுவும் கடிக்கும் அக்கா” என்றான். வண்டிக்காரர்கள் நாய்ச் சத்திரம் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனாலும் அந்த வருஷம்போல் கூட்டம் எந்த வருஷமும் வந்ததில்லை. ராஜா சாப்பிட்ட கறி ரொட்டி என்று சொல்லிச் சொல்லியே சாப்பிட்டார்கள்.

சித்தப்பாவுக்கு ஒரு சிநேகிதர் உண்டு. பெரிய பிரபு. தாய்மாமனைப் பிடித்ததிலிருந்து கிரீடம் வைத்ததுவரை கூடவே நின்றவர். அந்த வருஷமே அவருக்கும் ராஜாவுக்கும் முட்டிக்கொண்டது. மழைக்காலத்தில் படை திரட்டினார், பிடிபட்டார். “ஒரு தடவை முகத்தைப் பார்த்துப் பேசணும்” என்று கெஞ்சினாராம். சித்தப்பா பார்க்க மாட்டேன் என்றுவிட்டார். தலை போனது. ஏறி வந்த ஏணியை இப்படியா உடைத்து அடுப்பில் வைப்பது? அதைக் கேட்ட வாரத்தில்தான் நான் சைமனை வேலையை விட்டு அனுப்பினேன். அது வேறு. அவன் அந்தச் சாவி விஷயத்தை வைத்துக்கொண்டு மாடியில் நல்ல அறை கேட்டான். இன்றைக்கு அறை கேட்பவன் நாளைக்கு எதைக் கேட்பான்? ஆனால் எனக்கும் சித்தப்பாவுக்கும் வித்தியாசத்தைப் பாருங்கள். எனக்குத் தேவைப்பட்டபோது சைமனைத் திரும்பக் கூப்பிட்டேன், வந்தான். சித்தப்பாவால் அவருடைய சிநேகிதரைக் கூப்பிட முடிந்ததா? தலை இருந்தால்தானே வர.

அடுத்த வசந்தத்தில் சித்தப்பாவின் ஒரே மகன் செத்துப்போனான். சின்னப் பையன். அவரும் ராணியும் பைத்தியம் பிடித்தவர்கள் மாதிரி இருந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். ஊரில் எல்லோரும், சாமி கூலி கொடுத்துவிட்டார் என்றார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அப்போது சிசிலி வயிற்றில் இருந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஹாட்ஜ் வந்து, “யாருக்கு அழற?” என்றார். “ராஜாவுக்கு” என்றேன். “பீர் பொங்குது பாரு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது வயிற்றெரிச்சல் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பிறந்தது ஹெதர்டன். ஆற்றுக்கு அந்தப் பக்கம். எங்கள் ஊர் வழக்கம் என்னவென்றால், புருஷன் செத்தால் அவன் வீடு பெண்சாதிக்கு. அவள் வேறு கல்யாணம் செய்துகொண்டால் வீடு புருஷனுடைய தம்பிக்குப் போய்விடும். நான் சின்னதிலிருந்து பார்த்தது அதுதான். என் பெரியம்மாவுக்கே நடந்தது. மார்ஜரி அக்கா தனியாக மாடியில் உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளைகள் மடத்தில். அவள் வயதுக்கு அப்படி இருக்கலாமா? அவள் நல்லதுக்காகத்தான் மாப்பிள்ளை தேடினேன். வேறு நினைப்பு இருந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். வீடு ஹாட்ஜுக்கு வரும் என்பது தெரியும். ஆனால் அதற்காகச் செய்தேன் என்பதும், அது தெரிந்தும் செய்தேன் என்பதும் ஒன்றா? நீங்களே சொல்லுங்கள்.

பக்கத்து ஊரில் கில்பர்ட் என்று வண்டிச்சக்கரம் செய்கிறவர். பெண்சாதி இல்லை. கைநிறைய வேலை, வாய் நிறையச் சிரிப்பு. மார்ஜரியிடம் பேச்சை எடுத்தால் அழுவாள், கத்துவாள் என்று பயந்துகொண்டே போனேன். “அக்கா, கில்பர்ட் நல்ல மனுஷன்” என்றேன். கையில் தைத்துக்கொண்டிருந்ததைக் கீழே வைத்தாள். “சரி அவிஸ்” என்றாள். அவ்வளவுதான். இரண்டு வருஷத்தில் என்னிடம் அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதெல்லாம், பாவம், தனிமையில் வாடியிருக்கிறாள் என்பதுதான். கோயில் வாசலில் கல்யாணம். விருந்து முழுக்க என் கை. மோதிரம் மாற்றும்போது திரும்பிப் பார்த்து, “அவிஸ், முன்னாடி வந்து நில்லு. நீதான் சாட்சி” என்றாள். நானும் சிசிலியைத் தூக்கிக்கொண்டு முதல் வரிசையில் போய் நின்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மார்ஜரி பிறந்தது தோர்ன்வெல், ஐயா. இந்த ஊர் வழக்கம் அவளுக்கு உள்ளங்கை ரேகை. இங்கே பெண்சாதி மறுகல்யாணம் செய்தால் வீடு தம்பிக்குப் போகாதாம். அந்த நிமிஷமே கடைசி மகனுக்குப் போய்விடுமாம். மூத்தவர்கள் எப்படியும் பிழைத்துக்கொள்வார்கள், சின்னதுதான் வீட்டில் இருக்கும் என்று. அவள் கல்யாணம் செய்யாமலே இருந்திருந்தால் சாகும்வரை சத்திரம் அவள் பெயரில், சாவி என் இடுப்பில், இப்படியே ஓடியிருக்கும். நானே மாப்பிள்ளை பார்த்து, நானே சமைத்து, நானே சாட்சி நின்று ஜைல்ஸுக்குச் சத்திரத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். ஹாட்ஜ் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்தானே, அவராவது சொல்லியிருக்கலாம் அல்லவா? கேட்டேன். “நீ கேக்கவே இல்லையே” என்றார். மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சிரித்துவிட்டீர்கள். பரவாயில்லை, பீரைச் சிந்தாமல் சிரியுங்கள்.

ஆனால் அப்போது சித்தப்பா ராஜ்யம். பழைய காரியஸ்தர் நம் கறி ரொட்டிக்குப் பழகியவர். மார்ஜரி ஜைல்ஸுக்காகச் சத்திரத்தைக் கேட்டு மன்றுக்கு வந்தபோதெல்லாம், அடுத்த தடவை பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்புறம் கோடை வந்தது, சண்டை வந்தது. கடல் தாண்டி வந்தாரே இப்போதைய ராஜா, அவர் படை மேற்கிலிருந்து. சித்தப்பா படை இந்தச் சாலை வழியாக. நான் இரண்டு பக்கமும் பீர் அனுப்பினேன். தாகத்தில் கட்சி ஏது? சைமனைத் திரும்பக் கூப்பிட்டு வண்டி ஓட்டச் சொன்னேன். அவன்தான் கண்ணால் பார்த்தான். குன்றின் மேல் ஒரு பெரிய பிரபு, சித்தப்பாவுக்கு உறவு வேறு, மூவாயிரம் பேரோடு நிற்கிறார். கீழே வெட்டிக்கொள்கிறார்கள். அவர் நிற்கிறார். சித்தப்பா ஆள் மேல் ஆள் அனுப்புகிறார், இறங்கி வாருங்கள் என்று. நிற்கிறார். கடைசியில் சித்தப்பாவே குதிரையைத் தட்டிவிட்டு எதிரியின் கொடிக்கு நேராகப் பாய்ந்தாராம். அப்போதுதான் குன்றிலிருந்து இறங்கினார்கள். இறங்கினது எதிரி பக்கத்துக்கு.

“பயந்து ஓடலை அக்கா, அதைச் சொல்லணும்” என்றான் சைமன். சைமன் பொய் சொல்ல மாட்டான், கற்பனை கிடையாது. நாயைத்தான் வரைவான்.

சாயங்காலம் சித்தப்பாவின் பிணத்தை இந்தத் தெரு வழியாகத்தான் கொண்டுபோனார்கள். குதிரை மேல் குறுக்கே போட்டு. உடம்பில் ஒட்டுத் துணி இல்லை. கை தொங்கிக்கொண்டிருந்தது. என் மேஜையில் ரொட்டி பிட்ட கை. எனக்கு என்ன ஆயிற்றோ, பெரிய மேஜை விரிப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன், மேலே போர்த்தலாம் என்று. ஹாட்ஜ் என் அங்கியைப் பிடித்து இழுத்தார். “மேலே பாரு” என்றார். மேலே பலகையில் ஓநாய். தெருவில் புது ராஜாவின் ஆட்கள். நான் ஏணியில் ஏறி அந்த விரிப்பால் பலகையை மூடினேன்.

அதையும் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றேனே.

மறுநாள் விசாரித்தால் புது ராஜாவுக்கு வேட்டைநாய் சின்னமாம். சைமன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான். வயிற்றைக் கொஞ்சம் ஒட்டவைத்து, கழுத்தில் ஒரு பட்டை போட்டான். முடிந்தது வேலை. இந்தச் சாலையில் எத்தனை சத்திரக்காரர்கள் பலகையை உடைத்து அடுப்பெரித்தார்கள் தெரியுமா. நம் நாய் காலமெல்லாம் நாயாகவே இருந்தது, அதனால் பிழைத்தது.

அடுத்த வாரம் மார்ஜரி வந்தாள். கில்பர்ட் வண்டியில் மடத்துக்குப் போய், புது ராஜா காலம் என்று சத்தம் போட்டுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நேரே இங்கே. வாசலில் வண்டி நின்றது. நான் இந்தப் படியில் நின்றேன், இடுப்பில் சாவி, இடுப்பின் மறுபக்கம் சிசிலி. “சாவியைக் குடு அவிஸ்” என்றாள் மார்ஜரி. சத்தம்கூடப் போடவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். சைமன் கதவில் சாய்ந்துகொண்டு நிற்கிறான். அடுப்படிப் பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஹாட்ஜ் கொட்டகை வாசலில் நிற்கிறார். “வாங்க இங்கே” என்றேன் அவரிடம். அப்புறம் மெதுவாக நடந்து போய், மார்ஜரி வண்டியிலிருந்த மூட்டையை இறக்க ஆரம்பித்தார். “வெயில்ல நிக்கறாங்களே” என்றார். என் புருஷன், ஐயா.

சாவியை நான் கொடுக்கவில்லை. மன்று சொல்லட்டும், அதுவரை எல்லோரும் ஒரே கூரையில் இருப்போம் என்றேன். பின்கட்டில்தான் இருக்கிறார்கள். நீங்கள் வந்தபோது கிணற்றடியில் பார்த்திருப்பீர்களே.

மன்றில் மார்ஜரி என்ன வாதம் செய்யப்போகிறாள் என்றும் தெரியும். இந்த ஊரில் இன்னொரு வழக்கம் உண்டாம். பிள்ளைகள் இல்லாமல் போனால் சொத்து யாருக்கு வந்து சேருமோ, அவர்களிடம் அந்தப் பிள்ளைகளை ஒப்படைக்கக் கூடாதாம். தகப்பன் வழிச் சொந்தம் கிட்டே வரக் கூடாது. தாயோ தாய்மாமனோதான். கேட்டதும் எனக்கு மெய்சிலிர்த்தது ஐயா. எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள். இந்த வழக்கம் ராஜ்யத்துக்கும் இருந்திருந்தால் அந்த இரண்டு பிள்ளைகளும் இன்றைக்கு எங்காவது குதிரை ஏறி விளையாடிக்கொண்டிருப்பார்கள். சித்தப்பாக்கள் இருக்கும் வீட்டுக்கெல்லாம் கட்டாயம் வேண்டிய வழக்கம். எங்கள் வீட்டுக்குத் தேவையில்லை, அவ்வளவுதான். அதனால் எங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள் என்று கேட்கிறேன். இரண்டு வருஷம் நான் பார்த்துக்கொண்ட விதத்தைப் பார்த்துக் கொடுங்கள்.

ஒன்றே ஒன்றுதான் மனதில் கிடக்கிறது. உங்களிடம் சொன்னால் என்ன.

பிள்ளைகள் வந்த அன்று நான் கறி ரொட்டி சுட்டேன். ஜைல்ஸுக்கு அது உயிர். வளர்ந்துவிட்டான், ஆனால் கண் அதே கண். ரொட்டியைப் பார்த்ததும் கையை நீட்டினான். ஆடம் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான். தம்பியைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டான். பத்து வயதுப் பிள்ளை. “நீங்க முதல்ல சாப்பிடுங்க சித்தி” என்றான். மரியாதைக்குச் சொல்கிறான் என்று நினைத்து, “நீங்க சாப்பிடுங்கடா, நான் அப்புறம்” என்றேன். அவன் அசையவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒரு துண்டு பிட்டுச் சாப்பிட்டேன். விழுங்குகிறவரை பார்த்தான். அப்புறம் கொஞ்ச நேரம் காத்திருந்தான். அதன் பிறகுதான் தம்பிக்குப் பிட்டுக் கொடுத்தான்.

ஜைல்ஸ் கன்னம் உப்பச் சாப்பிட்டான். மடத்தில் யாரோ அந்த லண்டன் பிள்ளைகள் கதையைச் சொல்லி ஆடமைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். அவ்வளவுதான். வேறு என்ன இருக்க முடியும்? நான் அவர்களைத் தூக்கி வளர்த்தவள் ஐயா.

எழுந்துவிட்டீர்களா? ரொட்டி சாப்பிடாமல் போகக் கூடாது. சரி, கட்டித் தருகிறேன். மார்ஜரியிடமும் பேச வேண்டாமா? வேண்டாமா? நான் சொன்னதே போதுமா? பார்த்தீர்களா, ஹாட்ஜ், இங்கே வாங்க, காரியஸ்தர் ஐயா என்ன சொல்கிறார் கேளுங்கள். மார்ஜரியை விசாரிக்கவே வேண்டாமாம்.

என்ன சொன்னீர்கள் ஐயா? நாளைக்கு மன்றிலா? இதையே, இப்படியே, ஊரார் முன்னால் நான் சொல்ல வேண்டுமா? ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல்? அதற்கென்ன, சொல்கிறேன். எனக்குப் பேசக் கூச்சம் கிடையாது. நீல அங்கியைப் போட்டுக்கொண்டு வருகிறேன். முழுதாகக் கேட்டால் ஊரார் வாய் தானாக அடங்கும் என்று நான் எத்தனை நாளாக இவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏன் ஹாட்ஜ் தரையைப் பார்க்கிறீர்கள்?

ஒன்று மட்டும் ஐயா. அந்த ரொட்டிக் கதையை விட்டுவிடலாம் அல்லவா? ஊரார் கேட்டால் ஆடமைத் தப்பாக நினைத்துக்கொள்வார்கள்.